அதட்டினால் நிறுத்திவிடுகிறான் என்றால் நடிக்கிறான் என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. ஒன்பது வயது மகன் ஒன்றரை வருடமாகக் கண்ணைச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான், டாக்டர் இதை டூரெட் என்ற நரம்பியல் கோளாறு என்கிறார். ஆனால் அவன் கெட்ட வார்த்தை எதுவும் பேசுவதில்லையே, அப்புறம் எப்படி டூரெட் என்பது ஒன்று. அதட்டினால் கால் மணி நேரம் நிறுத்திவிடுகிறான், அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறான் என்றுதானே பொருள் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எளிது. இரண்டாவதுதான் என் பள்ளிப் பருவத்தைத் தின்ற கேள்வி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு இப்போது 41 வயது. ஆறு வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பித்தது. பிறகு மூக்கை உறிஞ்சுவது, வாயைக் கோணுவது, இடத் தோளைக் காதுவரை தூக்கிக் குலுக்குவது, தொண்டையில் 'க்கும்' என்று ஒரு சத்தம். இந்த அசைவுகளையும் சத்தங்களையும்தான் டாக்டர்கள் டிக் என்கிறார்கள். ஒன்று போய் இன்னொன்று வரும். சில வாரம் எதுவுமே இருக்காது. தேர்வு நெருங்கினால், உடம்பு களைத்தால், தீபாவளிக்கு உறவினர்கள் கூடினால் எல்லாம் சேர்ந்து வரும். கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தேவையே இல்லாத கண்ணாடி ஒன்று மூக்கில் ஏறியது. செருமலுக்கு டான்சில் மருந்து. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அத்தை ஒருவர் இது வலிப்பின் தொடக்கம் என்று நம்பி, நான் தோளைக் குலுக்கும்போதெல்லாம் பீரோ சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். (வலிப்பு வந்தவருக்கே சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை என்பது தனிக் கதை.)

ஏழாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் ஒருவர் என்னைப் பலகைக்குப் பக்கத்தில் வகுப்பைப் பார்த்தபடி நிறுத்தினார். "இனி ஒரு தடவை தோளை ஆட்டினால் பிரம்புதான்" என்றார். நான் ஆட்டவில்லை. பாட வேளை முடியும்வரை ஆட்டவில்லை. "பார்த்தீர்களா, நின்றுவிட்டது! அப்படியென்றால் இத்தனை நாளும் செய்தது கொழுப்புதானே?" என்று வகுப்பையே சாட்சிக்கு அழைத்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் நானே அவர் சொன்னதை நம்பினேன். நிறுத்த முடிகிறது; ஆகவே நான்தான் செய்கிறேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைவிடத் தெளிவான தருக்கம் இருக்க முடியாது.

அவர் பார்க்காதது இரண்டு. அந்த வேளை முழுவதும் பலகையில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கவனம் மொத்தமும் ஒரு தோளைப் பிடித்து வைப்பதிலேயே செலவாகிவிட்டது. அடுத்தது, மணி அடித்ததும் நான் கழிப்பறைக்கு ஓடி, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தோளையும் தொண்டையையும் அவிழ்த்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் அந்தக் குழாய்தான் எனக்குத் துணை.

அடக்குவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் சட்டைக் காலரைச் சொல்வேன். புதுச் சட்டையில் காலரின் உட்புறம் தையல்காரர் வெட்டாமல் விட்ட நூல்முனை ஒன்று பின்கழுத்தில் குத்துகிறது. நீங்களோ திருமண மேடையில் மணமகனுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், வீடியோ ஓடுகிறது. கையைக் கொண்டுபோகாமல் நிற்க முடியுமா? முடியும், கொஞ்ச நேரம். ஆனால் தாலி கட்டியது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. மேடையை விட்டு இறங்கியதும் கை எங்கே போகும்? அந்தக் கை போவது உங்கள் விருப்பத்தாலா, விருப்பமில்லாமலா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? டிக் அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. டிக்குக்கு முன்னால் தோன்றும் அந்தக் குத்தலை, இறுக்கத்தை டாக்டர்கள் முன்னுணர்வு என்கிறார்கள். டிக் வந்து போனால் ஒரு நொடி ஆறுதல், பிறகு மறுபடியும் நூல்முனை.

அடக்கினால் பின்னால் வட்டியோடு சேர்ந்து வரும் என்று நானும் நெடுநாள் நம்பினேன். சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு வட்டி தெரியவில்லை. வீட்டில் அதிகமாக வருவதுபோல் தோன்றுவதற்குப் பெரும்பாலும் வீட்டில் யாரும் அடக்குவதில்லை என்பதே காரணம். உங்கள் மகன் பள்ளியில் ஒழுங்காக இருந்துவிட்டு உங்கள் முன்னால் மட்டும் ஆடுகிறான் என்றால், உங்கள் வீட்டில் அவனுக்குக் குழாய் திறக்க வேண்டியிருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வியப்பும் உண்டு. அடக்காமலேயே நிற்பது. எனக்குக் கேரம் பலகையில் அது நடக்கும். பவுடர் தூவும்போது தோள் குலுங்கும், எதிராளி ஆடும்போது குலுங்கும்; ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்துச் சிவப்புக் காயைப் பார்த்துவிட்டால் உடம்பு முழுவதும் அமைதியாகிவிடும். நான் எதையும் பிடித்து வைப்பதில்லை, நூல்முனையே இருக்காது. காய் குழியில் விழுந்த மறுகணம் 'க்கும்'. ஒரு போட்டியில் என்னுடன் ஆடியவர், தன் கவனத்தைக் கலைக்க நான் தந்திரம் செய்கிறேன் என்று நடுவரிடம் புகாரே கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்து கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட் உண்டு. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் பந்துகளைத் தடுத்த விதத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பந்து நெருங்கி ஆட்டம் தீவிரமாகிவிட்டால் தனக்கு டிக் வருவதில்லை என்று அவரும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக, "செல்போனில் விளையாடும்போது மட்டும் வருவதில்லையே" என்று மகனை மடக்க வேண்டாம். அது குற்றத்துக்கான தடயம் அல்ல, இந்த நிலையின் இயல்பே அது.

என் பெயருக்கு எதிரே டூரெட் என்று எழுதப்பட்டபோது எனக்கு வயது 26. கழுத்து வலிக்காக நரம்பியல் டாக்டரிடம் போயிருந்தேன். இருபது வருடம் ஒரே பக்கம் குலுக்கினால் கழுத்து என்ன செய்யும்? அவர் ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் பார்த்துவிட்டு, "தம்பி, அது வருவதற்கு முன்னால் எங்கேயாவது ஏதாவது தோன்றுமா?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் ஏன் செய்கிறாய் என்று நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு உடனே பேச்சு வரவில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லை, கதையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அசைவு டிக்குகள் இரண்டாவது இருக்க வேண்டும், சத்த டிக் ஒன்றாவது இருக்க வேண்டும், தொடங்கி ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும், 18 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், மருந்தோ வேறு நோயோ காரணமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். கெட்ட வார்த்தை அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" என்றும் கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். மாலை வீட்டுக்குத் திரும்பினால் தெருமுனையில் அப்பா வருகிறார். முகம் தெரியும் முன்பே 'க்கும், க்கும்' வந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்தச் செருமலை வைத்துத்தான் மணி ஏழாகிவிட்டது என்பார்கள். பெட்டிக்கடைக்காரர் அதைக் கேட்டே வெற்றிலையை எடுத்து வைப்பார். "செருமாதேடா" என்று என்னை அதட்டிவிட்டுத் தானும் ஒரு முறை செருமிக்கொள்வார் அப்பா. அது அவருடைய 'பழக்கம்'. என்னுடையது மட்டும் கொழுப்பு. டூரெட்டில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்த ஒரு மரபணுதான் என்று விரல் நீட்ட முடியாது, பல சேர்ந்து செய்யும் வேலை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு முழு டூரெட், இன்னொருவருக்கு ஒரே ஒரு செருமல், மூன்றாமவருக்குச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓ.சி.டி. மட்டும் என்று வெவ்வேறு உருவில் வரலாம். இதை எழுதும்போது தோள் நான்கு முறை குலுங்கிவிட்டது. டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும். அதுவும் நடிப்பு அல்ல.

சரி, கெட்ட வார்த்தை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1825இல் ழான் இடார் என்ற பிரெஞ்சு மருத்துவர், தாம்பியேர் சீமாட்டி என்ற பிரபுகுலப் பெண்ணைப் பற்றி எழுதினார். ஏழு வயதில் தொடங்கிய டிக்குகள்; பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் வாயில் வரக் கூடாத சொற்கள் வந்து விழும். 60 வருடம் கழித்து, 1885இல், பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் பணிபுரிந்த ழில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளை விவரித்தபோது அந்தச் சீமாட்டியின் கதையையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டுரையிலிருந்துதான் நோய்க்கு அவர் பெயர் வந்தது. யோசித்துப் பாருங்கள், ஒன்பது பேரில் மக்கள் நினைவில் யார் தங்குவார்? கண் சிமிட்டியவரா, விருந்தில் வசைச்சொல் உதிர்த்த சீமாட்டியா? திரைப்படங்களும் வீடியோக்களும் இன்றுவரை அவளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கின்றன. உண்மையில் டூரெட் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அது வரும். வருபவர்களுக்கு அது வேடிக்கையும் அல்ல, மனத்தில் ஒளித்து வைத்திருந்த எண்ணமும் அல்ல. சொல்லக் கூடாத இடத்தில், சொல்லக் கூடாத சொல்லாகப் பார்த்துத்தான் வாய் தேர்ந்தெடுக்கும். அவர்கள் படும் அவமானத்துக்கு முன்னால் என் தோள் ஒன்றுமே இல்லை.

காரணம் வளர்ப்பு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேற்கிலும் மனச்சிக்கல், தாய் சரியில்லை என்றெல்லாம் பழி போட்டார்கள். 1960களில் ஹாலோபெரிடால் மருந்து டிக்கைக் குறைப்பதைக் கண்ட பிறகுதான் பார்வை மூளைப் பக்கம் திரும்பியது. எந்த அசைவை விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் மூளைச் சுற்றுகளில் காவல் கொஞ்சம் தளர்வு, அவ்வளவே. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். எனக்குச் செய்து வைத்தார்கள். மனைவி நல்லவர், தோள் அப்படியேதான் இருக்கிறது.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. டிக் அவனுக்கு வலியோ தொல்லையோ தராவிட்டால் எதுவும் செய்யாமல் கவனித்து வரலாம் என்றே பல டாக்டர்கள் சொல்வார்கள். தொல்லை தந்தால் முதலில் பயிற்சி. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. இப்போது சிபிட் என்கிறார்கள். முன்னுணர்வைக் கண்டுபிடித்து, டிக் செய்ய முடியாதபடி வேறொரு சிறு அசைவை அந்த இடத்தில் வைப்பது. தோள் எழும்பப் பார்க்கும்போது நான் முழங்கையை விலாவோடு சேர்த்து மெல்லக் கீழே அழுத்துவேன். செருமல் வரும்போது மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து வாயால் விடுவேன். அதட்டி அடக்குவதும் இதுவும் ஒன்றல்ல. இதில் குத்தல் தானாகத் தணியும்வரை உடம்புக்கு ஒரு வேலை கிடைக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில் 126 குழந்தைகள் பங்கேற்றனர்; இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நன்றாகத் தேறினார்கள், ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவே. மருந்துகளும் உண்டு: குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல். டிக்கை அடியோடு எடுக்காது, குறைக்கும். ரிஸ்பெரிடோனில் எனக்கு எடை எட்டு கிலோ ஏறியது, நிறுத்திவிட்டோம். உங்கள் மகனுக்கு எது என்பதை அவனுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிக்கைவிட ஒன்றை அதிகம் கவனியுங்கள். டூரெட் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கூடவே வேறொன்றும் இருக்கும்: ஏ.டி.எச்.டி. என்ற கவனச்சிதறல், ஓ.சி.டி., பதற்றம். நான் தாழ்ப்பாளைத் தொட்டால் 'சரியாக' இருக்கிறது என்று விரலுக்குத் தோன்றும்வரை மறுபடி மறுபடி தொட வேண்டும். கல்லூரியில் மூன்று தேர்வுக்குத் தாமதமாகப் போனது தோளால் அல்ல, தாழ்ப்பாளால். அதை யாரும் பார்க்கவில்லை, சத்தம் வராதே. திடீரென்று ஒரே நாளில் எல்லாம் கடுமையாகத் தொடங்கினாலோ, அசைவின்போது நினைவு தப்பினாலோ அது வேறு விஷயம், காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். மற்றபடி பத்துப் பன்னிரண்டு வயதில்தான் டிக் உச்சத்துக்குப் போகும். வளரிளம் பருவம் முடியும்போது பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைந்துவிடும். எனக்கு மிச்சம் இருக்கிறது, எல்லோருக்கும் இருக்காது. அடுத்த இரண்டு மூன்று வருடம் கூடுதலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவன் முன்னால் வேண்டாம். பின்வரிசையில் கதவோரம் ஓர் இடம், கேட்காமலேயே இரண்டு நிமிடம் வெளியே போய்வர அனுமதி, இவை போதும்.

வீட்டில் அவனிடம் ஏன் செய்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கே தோன்றுகிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ஒன்பது வயதில் சொல்லத் தெரியாமல் போகலாம். பலருக்குப் பத்து வயதை ஒட்டித்தான் அது பிடிபடும். விழித்தால் அவசரப்படுத்தாதீர்கள். எனக்கு இடத் தோள்பட்டைக்கு உள்ளே, கழுத்து எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே.