மாலை ஆறரை மணிக்கு எங்கே இருப்பது? – மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பதினெட்டு ஆண்டுகளாகக் குடிப்பழக்கம். சென்ற மாதம் பன்னிரண்டு நாள்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார், இப்போது குடிப்பதில்லை. குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ‘ஏ.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செலவாகும் என்று தெரியவில்லை. தேவாலய வளாகத்தில் நடப்பதாகக் கேள்விப்பட்ட என் மாமியார், மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கணவரும் தயங்குகிறார். – வாசகி, சூலூர்.

பதில்: உங்கள் கணவர் எந்த நேரத்தில் குடித்து வந்தார் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். பட்டறை முடிந்து, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே வரும் மாலை நேரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மருத்துவமனை அவர் உடலிலிருந்து மதுவை வெளியேற்றிவிட்டது. அந்த மாலை நேரம் மட்டும் அப்படியே காலியாகக் கிடக்கிறது. ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கின்றன. ஆகவே எந்தக் குழு பெரியது, எது பழையது என்று விசாரிப்பதைவிட, வேலை முடிந்த கையோடு பேருந்து ஏறினால் எந்தக் குழுவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று பாருங்கள்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவைச் சிகிச்சை மருத்துவரான பாப் ஸ்மித்தும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். (எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் அங்கே நோயாளியாகத்தான் நுழைந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.) சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் பல குழுக்கள் இயங்குகின்றன. சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆலோசகரிடமோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கேட்டால் அருகிலுள்ள குழுவின் தொடர்பு எண்ணைத் தருவார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-இலும் வழி கேட்கலாம். எண் கிடைத்ததும் நீங்கள் பேசாமல் உங்கள் கணவரையே பேசச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவரும் குடியை விட்டவராகவே இருப்பார். முதல் நாள் வாசலில் யாராவது காத்திருக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் வந்து நிற்பார்கள்.

பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, வெளியாரும் வரலாம் என்ற ‘திறந்த கூட்டம்’ ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பள்ளி வகுப்பறை ஒன்றில் இருபது பேர் இருந்தார்கள். குடியை நிறுத்தி நான்கே நாள்களான ஒருவர் கடைசி பெஞ்சில் கைகளைத் தொடைக்கடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தேநீர் ஊற்றி வந்த பெரியவர் எல்லோருக்கும் தம்ளர் நிறைய ஊற்றினார். அவருக்கு மட்டும் பாதிதான் ஊற்றினார். கை நடுக்கத்தில் தேநீர் சிந்தினால் அந்த மனிதர் கூசிப்போவார் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யாரும் பேசச் சொல்லவும் இல்லை. உங்கள் கணவரும் பேசாமல் கேட்டுவிட்டு வரலாம்.

கட்டணம் கிடையாது. இறுதியில் சுற்றிவரும் தட்டில் விருப்பமுள்ள உறுப்பினர்கள் காசு போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. தேவாலயக் கூடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைப்பதால் அங்கே கூடுகிறார்களே தவிர, இந்த அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததன்று. பிரார்த்தனை உண்டு, ‘உயர் சக்தி’ என்ற சொல்லும் உண்டு. அது முருகனா, மாரியம்மனா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது மரபு. அப்படியும் கூச்சம் தீராவிட்டால், உள்ளூரை விட்டு இரண்டு ஊர் தள்ளியிருக்கும் குழுவுக்குப் போகலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), குடியை அறவே விட்டிருப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சில அளவீடுகளில் மேலானதும்கூட என்று கண்டது. ஆனாலும் கூட்டம் மருந்துக்கு மாற்று ஆகாது. ‘மாத்திரை எதற்கு, கூட்டமே போதும்’ என்று அங்கே ஒருவர் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உறவினர் சொன்னார்கள் என்று, குடித்தால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்துவிடவும் வேண்டாம்; அதன்மேல் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மீண்டும் சில நாள்கள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் ஏற்படலாம். அப்போது நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடும்பத்தாருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. அருகில் கூட்டம் நடக்கிறதா என்று ஏ.ஏ. குழுவின் அதே தொடர்பு எண்ணில் கேளுங்கள். பதினெட்டு ஆண்டுகளைத் தாண்டி வந்திருப்பவர் நீங்களும்தான்.

முதல் கூட்டத்திலிருந்து திரும்பும்போது, உறுப்பினர் இருவரின் கைப்பேசி எண்களை அவர் வாங்கி வரட்டும். கூட்டம் எட்டு மணிக்கு முடிந்துவிடும். டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும்.