மூன்று முறை இருந்தவர் ஒருமுறை ஒதுங்கட்டும்

அன்புள்ள ஐயா,

ஒருவர் தொடர்ந்து மூன்று முறை எம்.எல்.ஏ.வாகவோ எம்.பி.யாகவோ இருந்துவிட்டால் நான்காவது முறை ஒதுங்கி நிற்கவேண்டும், அதற்குச் சட்டம் வரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிடிக்காதவரை மாற்ற மக்களிடம் ஓட்டு இருக்கிறதே, அப்புறம் சட்டம் எதற்கு? இந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தால் 1957, 1962, 1967 என்று ஜெயித்துவந்த கலைஞர் 1971இல் நின்றிருக்கவே முடியாது. அனுபவசாலிகளை அனுப்பிவிட்டால் அதிகாரிகள் வைத்ததுதான் சட்டம் என்றாகிவிடும். போதாததற்கு, அப்பா ஒதுங்கினால் மகன் வந்து நிற்பார். இதற்கெல்லாம் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.ஆர்., கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

கலைஞரிலிருந்தே தொடங்கிவிடலாம். ஆமாம், நான் சொல்கிற சட்டம் இருந்திருந்தால் 1971இல் அவர் சைதாப்பேட்டையில் நின்றிருக்க முடியாது. அதனால் கலைஞர் இல்லாமல் போயிருப்பாரா? 1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். மாநிலங்களவைக்குப் போனார், சட்டமன்றத்தில் அவர் இல்லை, ஆனால் அந்த ஐந்து வருஷத்தில்தான் கட்சி வளர்ந்து 1967இல் ஆட்சியைப் பிடித்தது. முதலமைச்சரான பிறகும்கூட அவர் அப்போது தமிழ்நாட்டில் இருந்த சட்ட மேலவையின் உறுப்பினர்தான். பெரிய தலைவர்களுக்கு ஒரு தொகுதி ஐந்து வருஷம் கையில் இல்லாமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. இந்தச் சட்டம் யாரைத் தொடும் என்றால், பக்கத்து மாவட்டத்தில் கேட்டால்கூடப் பெயர் தெரியாத, ஆனால் இருபது இருபத்தைந்து வருஷமாக ஒரே தொகுதியைக் கையில் வைத்திருக்கிற ஆட்களை. நான் பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

மக்களிடம் ஓட்டு இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் அந்த ஓட்டு எங்கே விழ முடியும்? கட்சி நிறுத்துகிற ஆளுக்கு. எனக்குக் கட்சி பிடிக்கிறது, ஆளைப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? ஆளை மாற்றவேண்டுமானால் கட்சியையே தோற்கடிக்கவேண்டும். அதைச் செய்ய மனமில்லாமல் மறுபடியும் அதே பொத்தானை அழுத்திவிட்டு வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நம் கட்சிகளில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிற வழக்கம் கிடையாது, மேலே இருந்து பட்டியல் வரும், அவ்வளவுதான்.

தேர்தலுக்கு முன்னால் விருப்ப மனு கொடுக்கிற நாளில் ஏதாவதொரு கட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றியச் செயலாளர் ஒருவர் பணம் கட்டிப் படிவம் வாங்கி, வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையில் நிற்பார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இளைஞரணியில் இருந்தபோது சுவரெழுதியவர், பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், மறியலில் கைதானவர், ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று கேட்காமலே சொல்லக்கூடியவர். நேர்காணலில் இரண்டு நிமிஷம் கிடைக்கும். சீட் யாருக்கு என்று அவருக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அப்படி ஒருவர் முப்பது வருஷம் காத்திருந்து, சீட் காலியாகிற நேரத்தில் அவருக்கு மூட்டு வலி வந்துவிடுகிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான். ஊழலை ஒழிக்கவேண்டும் என்பதற்காக நான் இந்தச் சட்டத்தைக் கேட்கவில்லை, ஊழல் செய்கிறவனுக்கு ஐந்து வருஷமே தாராளம். சீட் காலியாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அடுத்த வரிசை ஆட்கள் மேலே வர ஒரு வழி பிறக்கும்.

கேரளத்தில் பாலா தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கே.எம். மாணி அங்கே 13 முறை ஜெயித்தவர், 2019இல் இறக்கும்போதும் அவர்தான் எம்.எல்.ஏ. 2006, 2011, 2016 என்று மூன்று தேர்தலிலும் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் மாணி சி. காப்பன். மாணி இறந்து இடைத்தேர்தல் வந்ததும் அதே காப்பன், அதே வாக்காளர்களிடம் ஜெயித்துவிட்டார். 2021இல் இரண்டு தரப்பும் அணி மாறி நின்றபோது மாணியின் மகன் ஜோஸ் கே. மாணியையும் தோற்கடித்தார். மாணிமேல் ஊருக்குப் பிரியம் இருந்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னொருவருக்கு வழி திறக்க ஒரு சாவு தேவைப்பட்டதே, அது சரியா?

அனுபவம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது, அமெரிக்காவில் இதற்கு நேரடியான பாடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1990இல் மக்கள் ஓட்டுப் போட்டு, கீழவையில் 6 வருஷம், மேலவையில் 8 வருஷம் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். அது ரொம்பவும் குறுகலாகிவிட்டது. பட்ஜெட்டைப் படிக்கப் பழகுவதற்குள் கிளம்பவேண்டிய நிலை, பழகியவர்களாக மிஞ்சியது அதிகாரிகளும் கம்பெனிகளின் தரகர்களும். 2012இல் மறுபடி ஓட்டுப் போட்டு, எந்த அவையிலானாலும் மொத்தம் 12 வருஷம் என்று திருத்தினார்கள். மிஷிகனும் 2022இல் அதே 12 வருஷத்துக்கு வந்தது. இரண்டு மாநிலத்திலும் வரம்பைத் திருத்தினார்களே தவிர, தூக்கி எறியவில்லை. நான் கேட்பது 15 வருஷம். அதற்குள் தொழில் பழகாதவர் இருபத்தைந்து வருஷம் இருந்தாலும் பழகப்போவதில்லை. அதோடு, 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து நம் உறுப்பினர்கள் கொறடா சொல்கிறபடிதான் ஓட்டுப் போடவேண்டும். ஐந்தாவது முறை எம்.எல்.ஏ. ஆனவருக்கும் முதல்முறை வந்தவருக்கும் மசோதா நிறைவேறுகிற நேரத்தில் என்ன வித்தியாசம்?

மகன் வருவார் என்றீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். பிலிப்பைன்ஸில் 1987 அரசியல் சாசனப்படி கீழவை உறுப்பினர் தொடர்ந்து மூன்று முறைதான் இருக்கலாம். என்ன நடந்தது? நான்காவது முறை மனைவி, அப்புறம் மகன், அப்புறம் மறுபடி இவர். குடும்ப அரசியலைத் தடுக்கவேண்டும் என்று அதே சாசனத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அதற்கான சட்டத்தை இயற்றவேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்திடம், நாடாளுமன்றமோ அந்தக் குடும்பங்களிடம். நம் ஊராட்சிகளிலும் சுழற்சி முறையில் தலைவர் பதவி பெண்களுக்குப் போனதும் பழைய தலைவர் மனைவியை நிறுத்திவிட்டு நாற்காலியில் தான் உட்கார்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அங்கேயே, கொஞ்ச நாளில் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கிராம சபையைத் தானே நடத்திய பெண் தலைவர்களும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வரம்பு இல்லாவிட்டால் மட்டும் வாரிசு வராமல் இருக்கிறாரா? கேரளத்தின் புதுப்பள்ளியில் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி 1970 முதல் 2023இல் இறக்கும்வரை எம்.எல்.ஏ. அடுத்து வந்தவர் மகன் சாண்டி உம்மன். ஆகவே என் பதில் இது: ஒருவர் வரம்பு முடிந்து ஒதுங்கும்போது அவருடைய மனைவியோ கணவரோ பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ அந்த ஒரு தேர்தலில் அதே தொகுதியில் நிற்கக் கூடாது என்பதையும் அதே சட்டத்திலேயே எழுதிவிடவேண்டும். பிலிப்பைன்ஸ் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஒருநாளும் வராது.

இதைக் கட்சிகளே செய்துகொள்ளட்டுமே என்று என் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். செய்து பார்த்த கட்சி ஒன்று உண்டு. 2021 கேரளத் தேர்தலில் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தவர்களுக்கு மார்க்சிஸ்ட் கட்சி சீட் தரவில்லை. நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பொதுப்பணித்துறை அமைச்சர் ஜி. சுதாகரன் எல்லாம் ஒதுங்கினார்கள். பொன்னானியில் வேறொருவருக்கு சீட் கேட்டுக் கட்சிக்காரர்களே தெருவில் இறங்கினார்கள். முடிவு என்ன? ஐசக்கின் ஆலப்புழையிலும் சுதாகரனின் அம்பலப்புழையிலும் பொன்னானியிலும் கட்சிதான் ஜெயித்தது, 140இல் 99 இடங்கள் அந்தக் கட்சியின் தலைமையிலான இடதுசாரி அணிக்கு. பழைய முகம் போனால் தொகுதி போய்விடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் கட்சி விதியின் பலவீனமும் அங்கேதான் தெரிந்தது. அமைச்சரவையில் கட்சியின் சார்பில் எல்லாரும் புதுமுகம் என்று சொல்லி, 60,000க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜாவையும் விட்டுவிட்டார்கள், கட்சியின் பழைய அமைச்சரவையிலிருந்து முதல்வர் பினராயி விஜயன் மட்டும் தொடர்ந்தார். பின்னால் 2025இல் மதுரையில் கட்சி மாநாடு நடந்தபோது, 75 வயது வரம்பு காரணமாகப் பிரகாஷ் காரத் போன்ற மூத்த தலைவர்கள் கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவிலிருந்து விலக, பினராயிக்கு விலக்கு கிடைத்தது. கட்சி போட்ட விதியைக் கட்சியே தளர்த்திக்கொள்ளும். சட்டத்தில் அப்படித் தளர்த்த முடியாது.

சட்டம் கொண்டுவருவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. உறுப்பினராக யாருக்குத் தகுதி இல்லை என்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்ய அரசியல் சாசனத்தின் 102, 191ஆவது பிரிவுகள் இடம் தருகின்றன. ஆகவே 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும் என்பது என் வாசிப்பு. இருக்கிறவர்கள் தங்களுக்கு எதிராகவே எப்படிக் கைதூக்குவார்கள் என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் பழைய வருஷங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, சட்டம் வந்த பிறகு இருக்கிற காலத்தைத்தான் எண்ணினார்கள். இங்கேயும் அப்படியே செய்யலாம். இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இன்னும் மூன்று தேர்தல் பாக்கி இருக்கும் என்று சொல்லி ஆதரவு கேட்டால், ஒப்புக்கொள்ள ஆள் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த மூன்று தேர்தலையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதம்.

அன்புடன்.