ஒரு காம்போனென்ட், பல ஃபிரேம்வொர்க்: கேள்வி பதில்

ஒருமுறை எழுதிய வெப் காம்போனென்ட் (பிரௌசரே புரிந்துகொள்ளும், நாமே உருவாக்கும் டேக்) லைப்ரரியை ரியாக்ட், ஆங்குலர், வ்யூ ஆகிய மூன்று ஃபிரேம்வொர்க்குகளிலும் பயன்படுத்துவது குறித்து, நம் குமரி மாவட்டத்தில் மென்பொருள் வேலை செய்யும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தோவாளை வாசகர்: ஐயா, பூக்கடைகளுக்காக விலைப்பட்டியல் காட்டும் காம்போனென்ட் ஒன்றை எழுதினோம். ஆங்குலரில் சரியாக வருகிறது. ரியாக்ட் 18இல் பட்டியல் காலியாக நிற்கிறது. பிழை லைப்ரரியிலா?

லைப்ரரியில் பிழை இல்லை. பிரௌசரின் இன்ஸ்பெக்டரைத் திறந்து அந்த டேக்கைப் பாருங்கள். பிச்சி, மல்லி, கனகாம்பரம் என்று நீங்கள் அனுப்பிய பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் “ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்” என்ற சொற்கள் வரிசையாக நிற்கும். ரியாக்ட் 18 வரை, கஸ்டம் எலிமென்டுக்கு, அதாவது நாமே உருவாக்கிய டேக்குக்கு, கொடுப்பது எதுவானாலும் அது ஆட்ரிபியூட்டாகவே (டேக்குக்குள் எழுதும் பண்பாகவே) எழுதப்படும். ஆட்ரிபியூட் வெறும் எழுத்துச்சரத்தை மட்டுமே தாங்கும் என்பதால், பட்டியலின் உள்ளடக்கம் அந்த இடத்திலேயே தொலைந்துவிடுகிறது. ஆங்குலரின் சதுர அடைப்புக்குறியோ நேராக ப்ராப்பர்ட்டியில், அதாவது எந்த வகை மதிப்பையும் தாங்கும் ஜாவாஸ்கிரிப்ட் பண்பில், மதிப்பை வைக்கிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த ரியாக்ட் 19, அந்தப் பெயரில் எலிமென்டில் ப்ராப்பர்ட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதிலேயே வைக்கிறது. ஆனால் காம்போனென்டின் கோப்பு தாமதமாக வந்தால் அந்த நேரத்தில் ப்ராப்பர்ட்டி இருக்காது, பழைய சிக்கலே திரும்பும். ஆகவே ரியாக்ட் திரையை முதன்முறை வரைவதற்கு (ரெண்டர்) முன்பே அதை இம்போர்ட் செய்துவிடுங்கள். 18இலேயே இருக்க வேண்டிய நிலை என்றால், ரெஃப் (எலிமென்டை நேராகப் பிடிக்க ரியாக்ட் தரும் வழி) மூலம் எலிமென்டைப் பிடித்து ப்ராப்பர்ட்டியில் மதிப்பை வையுங்கள், அல்லது வெப் காம்போனென்ட் எழுத உதவும் லிட் லைப்ரரி தரும் ரியாக்ட் உறையைப் பயன்படுத்துங்கள். எண், எழுத்து போன்ற எளியவற்றை ஆட்ரிபியூட்டாகவும், பட்டியல்களை ப்ராப்பர்ட்டியாகவும் வாங்குமாறு லைப்ரரியை முதலிலேயே அமைப்பதுதான் என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் வழி.

மார்த்தாண்டம் வாசகர்: வ்யூவில் எங்கள் டேக்கை அறியாத காம்போனென்ட் என்று எச்சரிக்கை வருகிறதே?

பில்ட் அமைப்பில், கம்பைலர் விருப்பங்களுக்குள் உள்ள “இஸ் கஸ்டம் எலிமென்ட்” என்பதில், உங்கள் முன்னொட்டோடு தொடங்கும் டேக்குகள் எல்லாம் கஸ்டம் எலிமென்ட் என்று தெரிவித்துவிடுங்கள். ஆங்குலரில் இதற்கு இணையானது கஸ்டம் எலிமென்ட்ஸ் ஸ்கீமா.

குளச்சல் வாசகர்: மீன் எடையைப் பதிக்கும் பெட்டியில், தட்டச்சு செய்யும்போது இன்புட் ஈவன்ட் வெளியே கேட்கிறது, சேஞ்ச் ஈவன்ட் மட்டும் கேட்கவில்லை. ஏன் அண்ணா?

தம்பி, நல்ல இடத்தில் கவனித்திருக்கிறீர்கள். ஷேடோ டாமின், அதாவது பக்கத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட காம்போனென்டின் உள்பகுதியின், எல்லையைக் கடக்க ஈவன்டுக்கு “கம்போஸ்ட்” என்ற அனுமதி வேண்டும். பிரௌசரின் இன்புட் ஈவன்டுக்கு அது உண்டு, சேஞ்சுக்கு இல்லை. உள்ளே சேஞ்சைக் கேட்டு, காம்போனென்டின் வெளி எலிமென்டிலிருந்தே உங்கள் சொந்த ஈவன்டை எழுப்புங்கள். எந்த ஃபிரேம்வொர்க்கிலும் அதைக் கேட்கலாம்; ரியாக்ட் 18இல் மட்டும் ரெஃப் மூலம் எலிமென்டைப் பிடித்துக் கேட்க வேண்டும். பெயரைச் சிறிய எழுத்திலேயே வையுங்கள், ஏனெனில் டாம் (பிரௌசர் வைத்திருக்கும் பக்கத்தின் எலிமென்ட் அமைப்பு) பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கிறது.

நாகர்கோவில் வாசகி: தளம் முழுவதும் எங்கள் தமிழ் எழுத்துருவில் இருக்கிறது, காம்போனென்டின் பொத்தானில் மட்டும் வேறு எழுத்துரு தெரிகிறது.

எழுத்துரு ஷேடோ டாமுக்குள் மரபாக இறங்கும், அம்மா. ஆனால் பொத்தானுக்கும் உள்ளீட்டுப் பெட்டிக்கும் பிரௌசர் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருக்கிறது. லைப்ரரியின் சிஎஸ்எஸ்ஸில் அவற்றுக்கு “ஃபான்ட் இன்ஹெரிட்” என்று எழுதினால் தீரும். எழுத்துருக் கோப்பை அறிவிக்கும் ஃபான்ட்-ஃபேஸ் விதியைப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸிலேயே வையுங்கள், ஷேடோவுக்குள் வைத்தால் வேலை செய்யாது. ஆங்கிலத்தை மட்டும் பார்த்து உயரத்தை இறுக்கிய பொத்தான்களில் “கூட்டு” என்று எழுதினால் “கூ”வின் அடிப்பகுதி வெட்டுப்படும். அதைச் சரிசெய்யாத லைப்ரரியைத் தமிழ் தளத்துக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். நிறம், இடைவெளி ஆகியவற்றை வெளியிலிருந்து மாற்ற சிஎஸ்எஸ் மாறிகளும், உள்பகுதிக்குப் பெயரிட்டு வெளியிலிருந்து அலங்கரிக்க உதவும் “பார்ட்” வசதியும் இருக்கின்றன.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பால் கொள்முதல் படிவத்தை அனுப்பினால் எங்கள் பெட்டியின் மதிப்பு மட்டும் போகவில்லை.

படிவத்தின் கண்ணுக்கு உங்கள் எலிமென்ட் ஓர் உள்ளீடே அல்ல. “ஃபார்ம் அசோசியேட்டட்” என்று வகுப்பில் அறிவித்து, எலிமென்ட் இன்டர்னல்ஸ் என்ற பிரௌசர் வசதி மூலம் மதிப்பைப் படிவத்திடம் ஒப்படைக்க வேண்டும். சஃபாரியில் இது 2023இல் வந்த 16.4 பதிப்பிலிருந்துதான் உண்டு; பழைய ஐபோன் வைத்திருக்கும் வியாபாரிகளை நினைவில் கொள்ளுங்கள்.

தக்கலை வாசகர்: இரு குழுக்கள் லைப்ரரியின் இரு பதிப்புகளை ஒரே பக்கத்தில் ஏற்றுகின்றன, பக்கம் பிழையோடு நிற்கிறது.

ஒரு பக்கத்தில் ஒரு டேக் பெயரை ஒருமுறைதான் பதிவு செய்ய முடியும். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத் தவிர்த்தால் பிழை மறையும், ஆனால் முதலில் ஏறிய பதிப்பே இரு குழுவுக்கும் ஓடும். பழையது முந்திக்கொண்டால் புதிய வசதிகள் சத்தமில்லாமல் செயலிழக்கும். லைப்ரரியை இரு குழுக்களின் பண்டில்களிலிருந்தும் (பில்டில் ஒன்றாகச் சேர்த்த கோப்புகளிலிருந்தும்) வெளியே எடுத்து, பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே பதிப்பாக ஏற்றுங்கள்.