அட்டெண்டர் கட்டிலுக்கு பேட்டன்ட் கிடைக்குமா? அந்த கீலை யாருக்கும் காட்டாதீங்க

கேள்வி: வணக்கம் சார், வேலூர் சத்துவாச்சாரில வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரில பேஷன்ட் கூட தங்கறவங்க தரையில படுக்கறத பாத்துட்டு ஒரு மடக்கு கட்டில் செஞ்சேன், பகல்ல சேர், ராத்திரி கட்டில், ஒத்த கையால மடக்கலாம். பேஷன்ட் எழுந்தா கத்தற பஸ்ஸர், எக்ஸ்ரே பிலிம் பாக்க எல்இடி லைட் ரெண்டும் அதுலயே மாட்டிருக்கேன். போன மாசம் லாட்ஜ்காரர் ஒருத்தருக்கு ரெண்டு கட்டில் சும்மா ட்ரையலுக்கு கொடுத்தேன், தூரத்துல வெச்சு எடுத்த வீடியோ ஒண்ணு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். 45,000 கொடுத்தா உலகம் பூரா செல்லற பேட்டன்ட் வாங்கி தரேன்னு ஒருத்தர் சொல்றாரு. என் மச்சான் ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியன், எம்ஆர்ஐ எடுக்கும்போது குழந்தைங்க தலை ஆடாம இருக்க அவனே ஒரு தலகாணி செஞ்சிருக்கான். எல்லாத்தையும் ஒண்ணா போடலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 45,000-ஐ பத்திரமா வைங்க. உலகம் பூரா செல்லற பேட்டன்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒவ்வொரு நாடும் தனித்தனியா தான் கொடுக்கும். பிசிடினு ஒரு சர்வதேச விண்ணப்பம் இருக்கு, அதை தான் இப்படி சொல்லி விக்கறாங்க, அது டைம் வாங்கி கொடுக்கும், பேட்டன்ட் கொடுக்காது. நீங்க தனி ஆளா ஆன்லைன்ல போட்டா விண்ணப்ப பீஸ் 1,600, அந்த விண்ணப்பத்தை பரிசோதனை பண்ண சொல்லி கேக்கற பீஸ் 4,000, எழுதி தர்ற ஏஜென்ட் கூலி தனி. நம்ம பக்கத்துக்கு சென்னை கிண்டி ஆபீஸ், ஆனா பைல் பண்ண காட்பாடில ரயில் ஏற வேண்டியதில்ல.

இப்ப கட்டில். நீங்க பஸ்ஸரையும் லைட்டையும் தான் பெருசா சொல்றீங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. 1970 பேட்டன்ட் சட்டத்தோட 3வது பிரிவு, ஏற்கனவே இருக்கற சாமான்களை பக்கத்துல பக்கத்துல வெச்சு அதது அது பாட்டுக்கு வேலை செஞ்சா அது கண்டுபிடிப்பே இல்லனு சொல்லுது. உங்க பஸ்ஸரை கழட்டி ஜன்னல்ல மாட்டினாலும் அதே வேலை தான செய்யும்? கட்டிலை விரிச்சா லாக் பின் விழுந்து, அந்த பின்னே சுவிட்சை தட்டி பஸ்ஸரை ஆன் பண்ணுதுனா கதை வேற, அப்ப ரெண்டும் சேந்து ஒரு வேலை செய்யுது, எழுதலாம்.

ஆனா நீங்க அனுப்பின போட்டோல அந்த கீலை பெருசு பண்ணி பாத்தேன், அசந்துட்டேன். ரெண்டு இரும்பு பட்டைக்கு நடுவுல எல் எழுத்து மாதிரி ஒரு காடி வெட்டி, பின்னு தன் வெயிட்லயே கீழ விழுந்து பூட்டிக்குது, ஸ்பிரிங்கே இல்ல, முதுகு சாயற பக்கத்தை லேசா தூக்கினா பின்னு தானா விட்டுருது, அதனால தான் இன்னொரு கை தேவைப்படல. உங்க சரக்கு அது தான். "மடக்கு கட்டில்"னு எழுதினா ஏற்கனவே இருக்குனு திருப்பி அனுப்பிடுவாங்க, கீல் எப்படி வேலை செய்யுதுனு எழுதணும். பெட்சோருக்காக மெடிக்கல் ஷாப்ல வாட்டர் பெட் கேக்கறோம்ல, அமெரிக்காவுல சார்லஸ் ஹால்னு ஒருத்தர் தண்ணி மெத்தைக்கு 1971ல பேட்டன்ட் வாங்கினாரு, அதோட தலைப்புல பெட்ங்கற வார்த்தையே இல்ல, மனுஷ உடம்பை தாங்கற திரவ தாங்கினு தான் இருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸ்ல போய் மடக்கு சேர், கட்டில் கீல் படங்களை ரெண்டு ராத்திரி உக்காந்து பாருங்க, இதே காடி வேற யாராச்சும் வெட்டிருந்தா நமக்கு இப்பவே தெரியறது நல்லது.

அடுத்தது வீடியோ, இது தான் எனக்கு கவலை. பைல் பண்றதுக்கு முன்னாடி ஊருக்கு தெரிஞ்சது புதுசு ஆகாது, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும்னாலும் பாத்தவங்க பாத்தவங்க தான். உங்க வீடியோல சேர் வெளிய எப்படி இருக்குனு தெரியுது, உள்ள கீல் எப்படி பூட்டுதுனு தெரியல. அதனால டிசைன் பதிவு, அதாவது 10 வருஷமும் அதுக்கு மேல 5 வருஷமும் தோற்றத்துக்கு கிடைக்கற பாதுகாப்பு, அது அநேகமா போச்சு, கீலுக்கான பேட்டன்ட் இன்னும் உயிரோட இருக்கு. லாட்ஜ்ல இருக்கற ரெண்டு கட்டில் தான் ஆபத்து, யாராச்சும் திருப்பி போட்டு பாத்தா முடிஞ்சுது. வெளிய வெச்சே சோதிக்க வேண்டிய பொருளுக்கு சட்டத்துல ஒரு வருஷ சலுகை இருக்கு தான், ஆனா அது ரொம்ப குறுகலான சந்து, அதை நம்பி உக்காராதீங்க. காசு வாங்காம ட்ரையலுக்கு கொடுத்ததை லாட்ஜ்காரர்கிட்ட இன்னைக்கு தேதி போட்டே எழுதி வாங்குங்க, பழைய தேதி போடவே போடாதீங்க.

இந்த வாரமே புரொவிஷனல், அதாவது முதல்கட்ட விண்ணப்பம் பைல் பண்ணிடலாம், முழு விவரத்தை 12 மாசத்துக்குள்ள கொடுக்கலாம். பரிசோதனைக்கு 31 மாசத்துக்குள்ள கேக்கணும், மறந்தா விண்ணப்பமே செத்துரும். கிடைச்சா பைல் பண்ண தேதில இருந்து 20 வருஷம், வருஷா வருஷம் ரினியூவல் கட்டணும். பைல் பண்ணதும் கட்டில்ல பேட்டன்ட் பெண்டிங்னு, அதாவது விண்ணப்பம் நிலுவையில இருக்குனு போடலாம், கையில கிடைக்காம பேட்டன்ட் வாங்கினதுனு போட்டா அபராதம்.

மச்சானோடது தனி விண்ணப்பம், ஒரு விண்ணப்பத்துல ஒரு கண்டுபிடிப்பு தான். குழந்தையை எப்படி படுக்க வெச்சு ஸ்கேன் எடுக்கறதுங்கற முறைக்கு இங்க பேட்டன்ட் தர மாட்டாங்க, நோய் கண்டுபிடிக்கற முறையையும் சட்டம் ஒதுக்கி வெச்சிருக்கு. தலகாணிங்கற பொருளுக்கு கேக்கலாம், இரும்பு இல்லாம கழுத்தை ரெண்டு பக்கமும் எப்படி பிடிக்குதுனு எழுதணும். வேலைக்கு சேந்தப்போ கையெழுத்து போட்ட பேப்பர்ல கண்டுபிடிப்பு யாருக்கு சொந்தம்னு இருக்கானும் பாக்க சொல்லுங்க. அவரு பக்கத்துல நின்னு வேலை செய்யற மிஷினோட கதையே இது தான்: டமாடியன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1972ல பைல் பண்ணி 1974ல பேட்டன்ட் வாங்கினாரு, பேட்டன்டை மீறின கேஸ்ல 1997ல அவரோட கம்பெனிக்கு ஜிஇ, அதாவது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிகிட்ட இருந்து சுமார் 12.9 கோடி டாலர் வந்துச்சு. அந்த மிஷின்ல படம் எடுக்கற வழியை 1973ல கட்டுரையா போட்ட லாட்டர்பர்ங்கற விஞ்ஞானிக்கு 2003ல நோபல் கிடைச்சுது, ஆனா அவரோட யுனிவர்சிட்டி அதுக்கு பேட்டன்ட் வாங்காமலே விட்டுருச்சு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, கீலை மட்டும் கழட்டி நாலு பக்கமும் போட்டோ எடுங்க, பூட்டினப்போ பின்னு எங்க இருக்கு, விட்டப்போ எங்க இருக்குனு பென்சில்ல வரைஞ்சு அளவு போட்டு வைங்க. லாட்ஜ்ல இருக்கற ரெண்டு கட்டிலையும் இன்னைக்கு சாயந்திரமே பட்டறைக்கு தூக்கிட்டு வந்துருங்க.