ஜன்னல் திறக்க முடியாத வீட்டுக்கு ஏர் பியூரிஃபயரா, ஈ.ஆர்.வி.யா?

கேள்வி: எங்கள் ஃபிளாட் 1,000 சதுர அடி, நான்கு பேர் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் சாலைத் தூசி. அதனால் எப்போதும் சாத்தியே கிடக்கிறது. புழுக்கமான ஊர், இரவு முழுக்க ஏசி ஓடும். காலையில் தலை பாரம், அறையில் ஒரு வாடை. ஒரு கடையில் ஏர் பியூரிஃபயர் போதும் என்கிறார்கள், இன்னொன்றில் ஈ.ஆர்.வி. (உள்காற்றை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே விடும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? கரண்ட் பில் எகிறாதா?

பதில்: பியூரிஃபயர் தூசியைப் பிடிக்கும். நீங்கள் நால்வரும் விடும் கரியமில வாயுவை அது ஒன்றும் செய்யாது. பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளும் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விப்பவைதான்.

எதை வாங்கும் முன்னாலும் ஒரு கரியமில வாயு மீட்டரை இரவல் வாங்கியாவது படுக்கையறையில் ஓர் இரவு வையுங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். விடியும்போது 1,000-ஐ நன்றாகத் தாண்டியிருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். தாண்டவில்லையா? பணம் மிச்சம். ஏசி ஃபில்டரையும் சுவர் ஈரத்தையும் பாருங்கள்.

தாண்டியிருந்தால் உங்களுக்கு ஈ.ஆர்.வி.தான். வெளியேறும் காற்றும் உள்ளே வரும் காற்றும் அதற்குள் பெரும்பாலும் கலக்காமலே ஒன்றையொன்று கடக்கும். அப்போது வரும் காற்றின் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு பங்கு, வெளியேறும் காற்றோடு போய்விடும். எச்.ஆர்.வி. என்று விற்பது சூட்டை மட்டும் மாற்றும். புழுக்கமான ஊரில் ஏசி வீட்டுக்கு அது சரிப்படாது. அதேசமயம், ஈ.ஆர்.வி. வீட்டின் ஈரப்பதத்தைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளி ஈரம் முழுதாக உள்ளே வராமல் தடுக்கும், அவ்வளவுதான்.

பில் கொஞ்சம் ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி ஓட்டுவதைவிடக் குறைவு. இப்போது போல் இறுக மூடிவைத்திருப்பதைவிடக் கூடுதல். “மின்சாரம் மிச்சம்” என்ற விளம்பரம் எதோடு ஒப்பிட்டு என்று சொல்வதே இல்லை.

எந்த அளவுக் கருவி என்பதற்கு, ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 62.2 தரநிலைக் கணக்கு உதவும்: 100 சதுர அடிக்கு 3 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 3 கன அடி காற்று), ஆளுக்கு 7.5. உங்கள் வீட்டுக்கு 30-ம் 30-ம் சேர்ந்து 60 சி.எஃப்.எம். ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் டக்ட் (காற்றுக் குழாய்) மாட்டாத நிலையில் அளந்தது. நீளமான டக்ட், இரண்டு வளைவு, கசங்கிய ஃப்ளெக்சிபிள் குழாய் என்று வந்தால் பாதிகூட வராமல் போகலாம். டக்டின் எதிர்ப்பழுத்தத்தில் எவ்வளவு வரும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். தராத கடையில் வாங்க வேண்டாம். பொருத்தியதும் காற்று வரும், போகும் ஒவ்வொரு துவாரத்திலும் காற்றை அளந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாலைத் தூசிக்கு மெர்வ் 13 (நுண்தூசியையும் பிடிக்கும் தரம்) ஃபில்டர் போடும் வசதி வேண்டும். ஏணி போடாமல் அதைக் கழற்ற முடிகிறதா என்பதும் முக்கியம். கை எட்டாத ஃபில்டரை யாரும் மாற்றுவதில்லை. மோட்டார், கரண்ட் குறைவாக எடுக்கும் டி.சி. அல்லது இ.சி. வகையாக இருக்கட்டும்.

கேள்வி: செலவைக் குறைக்க எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டால் போதாதா?

பதில்: சமையலறைக்கும் குளியலறைக்கும் எப்படியும் வேண்டும். வீடு முழுவதற்கும் அதையே நம்பினால், வெளியே தள்ளிய அளவு காற்று கதவு இடுக்கு வழியாக வடிகட்டாமல் உள்ளே வரும். நீங்கள் அஞ்சிய அதே தூசி. வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் பெரிய எக்ஸாஸ்ட் ஆபத்தும்கூட. அதன் புகையைக் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து அறைக்குள் திருப்பி இழுத்துவிடும். கீசரை முதலில் வெளியே மாற்றுங்கள், அல்லது மின்சார கீசருக்குப் போய்விடுங்கள்.