ஊருக்குப் பணம், பிள்ளைக்குப் பணம்: கேள்வி-பதில்

முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டினேன். அதில் பாதிக்கு மேல் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) கவுண்டர். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் விடவில்லை. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எதில் அனுப்பினால் கட்டணம் குறைவு?" கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அதை முதல் பதிலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, சிங்கப்பூரில் கட்டுமான வேலை. மாதம் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பட்டுக்கோட்டைக்கு அனுப்புகிறேன். ஒரு கடையில் கட்டணமே இல்லை என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 6 வெள்ளி கேட்கிறார்கள். கட்டணம் இல்லாத கடைதானே லாபம்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் தம்பி. சந்தையில் ஒரு வெள்ளி 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லாத கடை உங்களுக்கு 67.20 தருகிறது. ஆயிரம் வெள்ளிக்கு வீட்டில் விழுவது 67,200 ரூபாய். 6 வெள்ளி கேட்கிற கடை 67.85 தருகிறது. கட்டணம் போக மீதி 994 வெள்ளிக்கு 67,442 ரூபாய். 'இலவச' கடையில் மாதம் 242 ரூபாய் காணாமல் போகிறது. வருஷத்துக்கு மூவாயிரத்தை நெருங்கும். வீட்டுக்கு மூன்று சிலிண்டர் வாங்கலாம்.

கட்டணம் போர்டில் தெரியும். ரேட்டில் ஒளிந்திருக்கிற லாபம் தெரியாது. அதனால் எந்தக் கவுண்டரிலும் எந்த ஆப்பிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆயிரம் வெள்ளி கொடுத்தால், ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கேட்டால் போதும். வைஸ் மாதிரி சில நிறுவனங்கள் சந்தை ரேட்டை அப்படியே காட்டி, கட்டணத்தைத் தனியாக எழுதுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. அதற்காக எப்போதும் அதுவே மலிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. புதுசாகச் சேர்பவருக்கு முதல் தடவை மட்டும் தூக்கலான ரேட் காட்டுவார்கள். அடுத்த மாதமே இறங்கிவிடும், அதனால் மாதாமாதம் பாருங்கள். இன்னொன்று, சம்பளம் வந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வரிசையில் நிற்கிறீர்களே, அன்றைக்கு உலகச் சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை ரேட் எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர் தன் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வது வழக்கம். முடிந்தால் வார நாளில் ஃபோனிலேயே அனுப்புங்கள்.

டிபிஎஸ் வங்கியில் கணக்கு இருந்தால் பேநவ்-யுபிஐ இணைப்பையும் பாருங்கள் (பேநவ் என்பது சிங்கப்பூரில் நம் யுபிஐ மாதிரி). 2023 பிப்ரவரி 21-ல் இரு நாட்டு மத்திய வங்கிகளும் சேர்ந்து தொடங்கியது. வீட்டம்மாவின் யுபிஐ ஐடி போதும், சில நிமிஷத்தில் போய்ச் சேரும். நாளுக்கு ஆயிரம் வெள்ளி வரம்பு. உங்கள் தேவைக்குச் சரியாகப் போகும்.

ஐயா, என் கணவர் தோஹாவில் இருக்கிறார். போன மாதம் அனுப்பிய பணம் ஆறு நாள் அந்தரத்தில் நின்றது. கேட்டால் 'பெயர் பொருந்தவில்லை' என்கிறார்கள். என் பெயரில் என்ன தப்பு?

உங்கள் பெயரில் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர் இனிஷியல்தான் வில்லன். நீங்கள் அனுப்பியிருந்த பாஸ்புக் படத்தைப் பார்த்தேன். அதில் இனிஷியல் உங்கள் அப்பாவுடையது. கணவர் அங்கே ஃபாரத்தில் உங்கள் பெயருக்குப் பின்னால் தன் பெயரைச் சேர்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு அது பாசம். கம்ப்யூட்டருக்கு வேறு ஆள்.

வளைகுடாவில் ஃபாரம் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டுத்தான் கேட்கும். குடும்பப் பெயர் இல்லாத நாம் அந்த இரண்டாவது கட்டத்தில் எதையாவது நிரப்பி வைப்போம். ஒருமுறை எங்கள் கிளையிலிருந்து போன பணம் இப்படியே திரும்பி வந்தது. வழியில் ஒரு இடைநிலை வங்கி 25 டாலரையும் பிடித்துக்கொண்டது. அனுப்பிய பெரியவர் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது: ஃபாரத்தைச் சரிபார்த்தவன் நான்.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அதில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே பயனாளி விவரத்தில் பதிந்துகொள்ளட்டும். ஐஎஃப்எஸ்சி எண்ணையும் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் சேர்ந்தன. அந்த வருஷ நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸோடு போனது. மாறிப்போன அந்தக் காலத்து எண்ணை இன்னும் டைரியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

துபாய் வாசகர்: ரூபாய் இன்னும் விழும் என்கிறார்கள். பணத்தைப் பிடித்து வைத்து அனுப்பலாமா?

திர்ஹாம் 1997-லிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டது. ஆக நீங்கள் கேட்பது டாலருக்கு எதிராக ரூபாய் எங்கே போகும் என்பது. அது எனக்குத் தெரிந்திருந்தால் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்க மாட்டேன். வீட்டுச் செலவுக்கான பணத்தை மாதாமாதம் அனுப்பிவிடுங்கள். வீட்டில் வட்டிக்குக் கடன் இருந்தால் ரேட்டுக்குக் காத்திருப்பது சுத்த நஷ்டம்.

மகள் ஜெர்மனியில் முதுகலை சேர்கிறாள். முடக்கக் கணக்கில் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் கணக்கு) 11,904 யூரோ கட்ட வேண்டும். திருச்சியில் எங்கள் வங்கி 1,000 ரூபாய் கட்டணம் கேட்கிறது. குறைக்க முடியுமா?

அந்த ஆயிரத்துக்குச் சண்டை போடாதீர்கள் சார், பெரிய மீன் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கி உங்களுக்குச் சொல்லும் யூரோ விலை பெரும்பாலும் 'கார்டு ரேட்'. காலையில் அச்சடித்து ஒட்டுகிற விலை, அதில் தாராளமாக லாபம் வைத்திருப்பார்கள். யூரோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூட இருந்தால்கூட 11,904 ரூபாய் போச்சு. மேலாளரைப் பார்த்து, "பெரிய தொகை, ட்ரஷரியில் கேட்டு ஸ்பெஷல் ரேட் வாங்கித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். கேட்டவருக்குத்தான் கிடைக்கும். கூடவே இன்னொரு வங்கியிலோ, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ அதே மணி நேரத்தில் ரேட் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரல் மாறும்.

அடுத்தது காரணக் குறியீடு. எதற்காகப் பணம் அனுப்புகிறோம் என்பதைச் சொல்லும் எண் அது. வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் படிப்புச் செலவு எஸ்0305, குடும்பப் பராமரிப்பு எஸ்1301. இதை அலட்சியமாக டிக் செய்யாதீர்கள். நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். படிப்புக்கு விகிதம் குறைவு. வங்கியில் வாங்கிய கல்விக் கடன் என்றால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ்ஸே கிடையாது. பராமரிப்பு என்று போட்டால் 20 சதவீதம். உங்கள் தொகை 12 லட்சத்துக்கு வருகிறது என்றால், தவறான குறியீட்டால் 2 லட்சத்துக்கு 40,000 ரூபாய் முடங்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்ப வாங்கலாம், போய்விடாது. ஆனாலும் விசா அலைச்சலில் இருக்கும் வீட்டில் 40,000 சும்மா தூங்குவது வலிக்கும். 10 லட்சம் என்பது ஒரு பான் எண்ணுக்கு. வீட்டம்மா தன் கணக்கிலிருந்து ஒரு பகுதியை அனுப்பினால் அவருக்குத் தனி வரம்பு.

நாணயம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். 12 லட்சத்துக்கு 1,026 ரூபாய்தான். எங்கே போனாலும் அதே கணக்கு, பேரமும் கிடையாது.

கடைசியாக ஒன்று. ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான சர்வதேச வலை) வழி போகும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று கேட்பார்கள். 'ஷேர்' என்று விட்டால் வழியில் இருக்கிற வங்கி பத்திருபது யூரோவைக் கழித்துக்கொண்டு மீதியைச் சேர்க்கும். முடக்கக் கணக்கில் ஐந்து யூரோ குறைந்தாலும் தூதரகத்துக்கான உறுதிச் சான்று நிற்கும். 'OUR' (ஆங்கிலத்தில் 'எங்களுடையது') என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது முழுக் கட்டணமும் அனுப்புகிற உங்களுடையது. அதற்கு மேலும் ஒரு ஐம்பது யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள், மகள் கணக்கில்தானே கிடக்கப்போகிறது.

மகன் சிங்கப்பூரில். அவசரத்துக்கு இங்கிருந்து 20,000 ரூபாய் அனுப்ப வங்கிக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம் அம்மா. நான் மேலே சொன்ன யுபிஐ-பேநவ் இங்கிருந்தும் போகும். இந்தியன் வங்கி, ஐஓபி, ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ ஆகியவை தொடக்கத்திலிருந்தே இங்கிருந்து அனுப்ப அனுமதித்தவை. நாளுக்கு 60,000 ரூபாய் வரை, உறவினர் பராமரிப்பு அல்லது அன்பளிப்புக்கு மட்டும். மகனுடைய பேநவ் எண்ணைப் போட்டதும் திரையில் பெயர் வரும். அது மகன் பெயர்தானா என்று பார்த்துவிட்டு யுபிஐ ரகசிய எண்ணை அடியுங்கள்.

டொரன்டோவிலிருந்து யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு மாதம் 100 டொலர் அனுப்புகிறேன். 4 டொலர் கட்டணம் பெரிசோ?

பெரிசுதான். நூற்றுக்கு நாலு சதவீதம். அதே நாலு டொலரை 300-க்குக் கொடுத்தால் ஒன்றேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். உலக அளவில் 200 டொலர் அனுப்ப சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3-க்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. சிறு தொகை அனுப்புபவர்தான் அதிகம் கொடுக்கிறார். அம்மாவுக்கு மருந்துச் செலவு தடைப்படாது என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புங்கோ. கிரெடிட் கார்ட்டால் மட்டும் கட்டாதீர்கள். பல கார்ட்டுகள் அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கில் வைத்து, அன்றிலிருந்தே வட்டி போடும்.

ஊரில் உண்டியல்காரர் (வங்கி வழியில்லாமல் பணம் மாற்றித் தருபவர்) வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், ரேட்டும் கூடுதல். எதற்கு வங்கி?

இதை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. பல ஊர்களில் பல வீடுகள் இப்படித்தான் நடந்தன என்பது எனக்கும் தெரியும். 2021, 22-ல் இலங்கையில் அரசு ரேட்டுக்கும் வெளி ரேட்டுக்கும் இடைவெளி விழுந்தபோது சனம் உண்டியலுக்கே போனது. 2020-ல் 710 கோடி டாலராக இருந்த அதிகாரபூர்வ வரவு 2022-ல் 380 கோடி ஆனது.

ஆனால் இந்தியாவில் இது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்ட மீறல், அபராதம் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். இப்போது அதைவிட அருகில் இருக்கிற ஆபத்து வேறு. உண்டியல்காரர்கள் ரொக்கம் தராமல் உங்கள் மனைவியின் கணக்கில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து போட்டுவிடுகிறார்கள். அந்த யாரோ ஒருவர் வேறு மாநிலத்தில் ஆன்லைன் மோசடியில் பணம் பறித்தவராக இருந்தால், அங்குள்ள சைபர் போலீஸ் உங்கள் மனைவியின் கணக்கை முடக்கும். பள்ளிக் கட்டணம் கட்டப் போன இடத்தில்தான் விஷயம் தெரியும். "என் வீட்டுக்காரர் அனுப்பினார்" என்பதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இருக்காது. நாளைக்கு மனை வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் இதே கதை.

அமெரிக்காவில் பணம் அனுப்ப வரி போட்டுவிட்டார்களாமே?

2026 ஜனவரி 1 முதல் ஒரு சதவீதம், ரொக்கமாகவோ மணி ஆர்டர் போன்றவற்றாலோ கவுண்டரில் கட்டி அனுப்பினால் மட்டும். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலிருந்தோ அனுப்புபவருக்கு இல்லை.

அப்பா கணக்குக்கு நான் அனுப்புவதற்கு அவர் வரி கட்ட வேண்டுமா? என் பழைய சேவிங்ஸ் கணக்கிலேயே போடலாமா?

மகன் அப்பாவுக்குக் கொடுப்பது அன்பளிப்பு, வரி இல்லை. அதை அவர் டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டி அவருடைய வருமானம். உங்கள் பழைய சேவிங்ஸ் கணக்கு விஷயம்தான் சரியில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் சாதாரண சேவிங்ஸ் கணக்கை வைத்திருக்கக் கூடாது. என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அங்கே சம்பாதிப்பதைச் சேமிக்க என்ஆர்இ கணக்கு தனியாகத் தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட், விசா நகலோடு கிளைக்கு ஒரு நடை போய் வந்தால் வேலை முடிந்தது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.