எழுத்தில் என்ன இருக்கிறது?

சட்டச் சந்தேகம் கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண்டபம், பாம்பன், தொண்டி பக்கத்திலிருந்து. பெயர்களை எடுத்துவிட்டேன். ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீலான என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்றுதான். "நம்ம ஆளுதானே சார்" என்பார்கள். கீழே உள்ள கேள்விகளில் பலவும் அந்த "நம்ம ஆளு"விடம் மாட்டிக்கொண்டவர்களுடையவைதான்.

பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்த்த சாட்சி என்று அம்மாவைச் சாயந்தரம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஏட்டு போன் செய்கிறார். வராவிட்டால் கேஸில் சேர்த்துவிடுவாராம். (மண்டபம்)

அம்மா போக வேண்டியதில்லை. பெண்கள், 15 வயதுக்குக் கீழே அல்லது 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு இது. பழைய சட்டத்தில் 160 என்று இருந்தது. அம்மாவே விரும்பிப் போனால் தடையில்லை. "வீட்டுக்கு வாங்க சார், பார்த்ததைச் சொல்வாங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

சாட்சி என்பது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்று மாறினால் கதை வேறு. அதே சட்டத்தின் 35(3) பிரிவில், விசாரணைக்கு வரச்சொல்லி போலீஸ் நோட்டீஸ் தந்தால் போயே ஆக வேண்டும். போய் ஒத்துழைக்கிறவரைக் காரணம் எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாளாகக் கையில் தர வேண்டும்.

வள்ளத்து இன்ஜினைத் திருடிவிட்டார்கள். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். (தொண்டி)

அது புகார் வந்ததற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல. திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் மூன்று வருஷம் ஆச்சு, திரும்பவில்லை. கூடப் போனதில் இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஏழு வருஷம் முடியாமல் இறப்புச் சான்று கிடையாது என்கிறார்கள். (பாம்பன்)

அம்மா, ஏழு வருஷம் என்பது எல்லோருக்குமான விதி இல்லை. ஒருவரைப் பற்றி, தெரியவேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டம் சொல்வது அவ்வளவுதான். வேறு சாட்சியம் இல்லாதவர்களுக்கு அது கடைசிப் படி. உங்களுக்குக் கரை சேர்ந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். படகு கவிழ்ந்ததையும், அவர் மூழ்கியதையும் அவர்கள் கோர்ட்டில் சொன்னால், ஏழு வருஷம் முடியக் காத்திருக்காமலே, அவர் இறந்துவிட்டார் என்று தீர்ப்புக் கேட்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகும், 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அரசு ஏழு வருஷம் காக்க வைக்கவில்லை.

ஆவணங்களை இப்போதே சேருங்கள். அன்று கடலுக்குப் போகப் படகு வாங்கிய மீன்வளத்துறை டோக்கன், காணாமல் போனதாகக் கொடுத்த புகார், தேடுதல் நடந்ததற்கான கடிதங்கள், கரை சேர்ந்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் வேண்டும். அந்த இரண்டு பேரும் வேறு ஊருக்குப் பிழைக்கப் போவதற்கு முன் முடித்துவிடுங்கள். சிவில் கோர்ட்டில் அவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பு வாங்கி, அதை வைத்து இறப்பைப் பதிவு செய்யலாம்.

ஆயுள் காப்பீடு இருந்தால் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏழு ஆண்டு அனுமானத்தை மட்டும் வைத்து, அவர் காணாமல் போன அன்றே இறந்தார் என்று கொள்ள முடியாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுவில் பாலிசி காலாவதியாகிவிட்டால் பணம் போச்சு.

மறுமணம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும், கணவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லை என்பதே விவாகரத்துக்குக் காரணம். முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கே ஆண்டு.

வக்கீல் செலவுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

தடைக்காலத்தில் வருமானமே இல்லை. குழு லோன்காரர்கள் காலை ஏழு மணிக்கே வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். "ஜெயிலுக்குப் போவே" என்று பிள்ளைகள் முன்னால் பேசுகிறார்கள். (தங்கச்சிமடம்)

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது லோன் கொடுத்த கம்பெனிக்கும் தெரியும். தெரிந்தேதான் வாரத் தவணை போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஜெயில் கிடையாது. கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. வசூல் நடப்பது இரு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில். அங்கே நீங்கள் அடுத்தடுத்து இரண்டு தடவையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்வது, கடன் வாங்கியவர் பெயரை வெளியில் போடுவது எல்லாமே தடை. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி கடன் தரவும் கூடாது. நான்கு கம்பெனியில் வாங்கியிருக்கிறேன் என்கிறீர்கள். இவ்வளவு எப்படிக் கொடுத்தார்கள் என்று அவர்களையும் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது: தடைக்காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு கடிதம். கட்ட முடியாதவர்களை அடையாளம் கண்டு வழிகாட்ட அவர்களே ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. லோன் கார்டில் குறைதீர்ப்பு அதிகாரி விவரம் இருக்கும், அந்த முகவரிக்கு அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448.

கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்று எவராவது உங்களிடம் கையெழுத்து வாங்கினால் நம்பாதீர்கள். அசலும் வட்டியும் நிற்கத்தான் செய்யும், சிபில் மதிப்பும் இறங்கும்.

நண்டு கம்பெனிக்காரரிடம் வலை வாங்க ஒன்றரை லட்சம் வாங்கினேன். எழுதாத செக் இரண்டு, எழுதாத புரோநோட்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். சரக்கில் கழித்தது போக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது நாலரை லட்சத்துக்கு வக்கீல் நோட்டீஸ். (தேவிபட்டினம்)

தம்பி, நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்ப யோசிக்கிறீர்கள் போல. வேண்டாம். சரியான முகவரிக்கு வந்த தபாலைத் திருப்பினாலும் வந்து சேர்ந்ததாகவே கோர்ட் கருதும். செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த 15 நாளுக்குள் உங்கள் பதிலும் போயிருக்க வேண்டும்.

வெற்றுச் செக் என்பதாலேயே செல்லாது என்று டீக்கடையில் சொல்வார்கள், தவறு. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகமறப் பொய்யாக்க வேண்டியதில்லை, நம்பும்படி வேறு கணக்கு காட்டினால் போதும். கம்பெனி எடைச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, போனில் பேசிய செய்திகள் என்று ஒன்றுவிடாமல் தேடுங்கள். எடைச் சீட்டை வலைப்பெட்டியில் போட்டு நனையவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வட்டி மீட்டர் போல ஏறியிருந்தால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள், எஸ்.பி.க்கும் ஒரு நகல் போகட்டும்.

துபாயில் இருக்கும் மாப்பிள்ளை என் மகளுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று தலாக் அனுப்பிவிட்டார். ஒன்றரை வருஷமாகச் செலவுக்கும் அனுப்பவில்லை. (கீழக்கரை)

அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், அது உங்கள் பக்கத்து ஆவணம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிச் சொன்ன தலாக் செல்லாது, குற்றமும்கூட. ஆனால் ஜெயிலை விடச் சாப்பாடு முக்கியம் என்று நினைக்கிறவன் நான். ஜீவனாம்ச மனுவை முதலில் போடுங்கள். மகள் குடியிருக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே போடலாம், துபாய்க்கு ஓட வேண்டாம். எல்லா மதத்தவருக்குமான இந்தப் பொது ஜீவனாம்சச் சட்டம் முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. மனுப் போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கு, இரு தரப்பும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். இது 2020 தீர்ப்பு. அதனால் ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுவதும் நஷ்டம்.

கீழக்கரையில் பெண் பிள்ளைக்கே வீடு கொடுத்துவிடுகிற வழக்கம் இருப்பதால் மகள் தெருவுக்கு வர மாட்டாள், அதுவரைக்கும் நிம்மதி. போட்ட நகைக்கு லிஸ்ட் இருக்கிறதா?

ராமேஸ்வரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டை லாட்ஜ் ஆக்கப் போகிறேன், மாதக் கடைசிக்குள் காலி செய் என்கிறார். தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பத்து மாத அட்வான்ஸ் அவரிடம்.

தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டால் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் தர வேண்டும். வெளியேற்றுவது வாடகை நீதிமன்றத்தின் வேலை, வீட்டுக்காரருடையது அல்ல.

எழுத்து ஒப்பந்தம் இல்லை என்கிறீர்கள். அதுவே வெளியேற்ற ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இடிபட்டுக்கொண்டு இருப்பதைவிட, அட்வான்ஸ் முழுவதையும் ஒரு தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று மாத அவகாசம் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

இறந்துபோன அப்பா வாங்கிய கடனுக்கு என்னைக் கேட்கிறார்கள். (ஏர்வாடி)

அப்பா விட்டுப்போன சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. ஒன்றும் விடவில்லையென்றால் ஒன்றும் இல்லை. நல்ல மனசில் நீங்களாகக் கொடுப்பது வேறு. ஆனால் "சும்மா ஒரு கையெழுத்து" என்று உங்கள் பெயரில் புது நோட்டு நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது உங்கள் கடன்.